நாள் தள்ளிப்போகுமா? - காலண்டர் பார்த்தே கழியும் மாதங்கள்!

கல்யாணமாகி ஆறு மாதம் ஆனதும் ஆரம்பித்துவிடுகிறது அந்தக் கேள்வி. ‘என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?’ கல்யாண வீட்டுப் பந்தியில், கோயில் பிராகாரத்தில், மாடிப்படியில் எதிரே வரும் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து என்று எங்கிருந்தும் வரலாம். கேட்பவருக்கு அது நலம் விசாரிப்பு. அன்று காலைதான் பீரியட்ஸ் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டுப்புடவை கட்டி வந்தவளுக்கு, அந்த இடத்திலேயே நிற்பதுகூட கஷ்டம்.

முதல் குழந்தைக்காக முயன்றுகொண்டிருக்கும் வீடுகளில் மாதம் 1-ம் தேதி தொடங்குவதில்லை. பீரியட்ஸ் வந்த நாள்தான் முதல் நாள். அங்கிருந்து எண்ண ஆரம்பித்தால், அடுத்த பீரியட்ஸ் வரை ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு மனநிலை. அந்த நாள்கள் எப்படிப் போகின்றன, அவற்றைக் கொஞ்சம் லேசாக்க என்ன வழி என்று பார்ப்போம்.

முதல் நாளும் ஒரு மாத்திரையும்

‘தலைக்குக் குளிச்சிட்டியாம்மா?’ என்று மாமியார் கேட்கும்போதே வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் இந்த ஒரு தகவலை மட்டும் மறைக்கவே முடியாது. அம்மாவுக்கு போன், நாத்தனாருக்கு மெசேஜ் என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

அன்று அழுகை வந்தால் அழுதுவிடலாம், தப்பில்லை. ஆனால், அந்த மாதமும் விடாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஃபாலிக் ஆசிட் மாத்திரை. தினமும் 400 மைக்ரோகிராம். கரு உருவாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே எடுக்க வேண்டும். காரணம், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு, தான் கர்ப்பம் என்பது உறுதியாவதே அந்தச் சமயத்தில்தான். சர்க்கரைநோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த அளவு மாறலாம் என்பதால், டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ரூபெல்லா தடுப்பூசி போடவில்லை என்றால், அதைப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் கழித்து முயற்சியைத் தொடங்க வேண்டும்.

‘என்னங்க, இன்னைக்குப் பன்னெண்டாவது நாள்!’

ஒரு மாதச் சுழற்சியில் கரு உருவாக வாய்ப்புள்ள நாள்கள் ஏறக்குறைய ஆறுதான். கருமுட்டை வெளிவரும் நாளும், அதற்கு முந்தைய ஐந்து நாள்களும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்கள் வரை உயிரோடு இருக்கும். வெளிவந்த முட்டையின் ஆயுளோ ஒரு நாள்தான்.

எல்லோருக்கும் 14-வது நாளில்தான் முட்டை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், அடுத்த பீரியட்ஸுக்கு ஏறக்குறைய 14 நாள்கள் முன்பாக வரும் என்று கணக்கிட வேண்டும். 28 நாள் சுழற்சி என்றால் 14-வது நாள். 32 நாள் சுழற்சி உள்ளவருக்கு 18-வது நாள். இந்தக் கணக்கு தெரியாமலே பல மாதங்களைத் தவறவிடும் தம்பதிகள் உண்டு.

கணக்கு தெரிந்த வீடுகளில் வேறு பிரச்னை. நைட் ஷிஃப்ட் முடித்து வரும் கணவரிடம், ‘என்னங்க, இன்னைக்குப் பன்னெண்டாவது நாள்’ என்று நினைவூட்டும்போது, அன்பாக இருந்த விஷயம் ஆபீஸ் டார்கெட் மாதிரி ஆகிவிடுகிறது. ‘இன்னைக்கு முடியலைம்மா’ என்று அவர் சொன்னால், அதிலிருந்து ஒரு சண்டை. இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. அந்த நாள்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தாலே போதும். ஒரு இரவு தவறினால் அந்த மாதமே போய்விட்டது என்று அர்த்தமில்லை.

காத்திருக்கும் இரண்டு வாரம்

முட்டை வெளிவந்த நாளிலிருந்து அடுத்த பீரியட்ஸ் தேதி வரையிலான இரண்டு வாரம்தான் இருப்பதிலேயே நீளமானது. பப்பாளி வேண்டாம், பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டாம், கனமான குடத்தைத் தூக்க வேண்டாம் என்று ஆளுக்கொரு கட்டளை. மார்பு வலித்தால் நம்பிக்கை, வலி குறைந்தால் கவலை. இரவெல்லாம் மொபைலில் அறிகுறிகளைத் தேடுவது.

மார்பு கனப்பது, அசதி, வயிறு உப்புவது எல்லாம் புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோனின் வேலை. கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் அந்த இரண்டு வாரமும் அது உடம்பில் சுரக்கும். ஆகவே, அறிகுறியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கார்டு டெஸ்ட்டையும் அவசரப்பட்டுச் செய்வதில் பயனில்லை. கருப்பையில் கரு பதிந்த பிறகுதான் ஹெச்.சி.ஜி ஹார்மோன் ஏற ஆரம்பிக்கும். நாள் தள்ளிப்போன பிறகு, காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் பார்த்தால் முடிவு நம்பகமாக இருக்கும். முன்கூட்டியே பார்த்து, ஒரு கோடு மட்டும் தெரிந்து, ஒரே மாதத்தில் இரண்டு முறை உடைந்துபோக வேண்டாமே!

அவருக்கும் டெஸ்ட் உண்டு

ஒரு வருடம் ஆகிவிட்டால் மருமகளை டாக்டரிடம் அழைத்துப்போவார்கள். ஸ்கேன், தைராய்டு, ஏ.எம்.ஹெச், ஒருநாள் விட்டு ஒருநாள் ஃபாலிக்யூலர் ஸ்டடி. ஒவ்வொன்றுக்கும் ஆபீஸில் ஒரு மணி நேரம் பர்மிஷன், மேனேஜரிடம் ஒரு பொய். கணவரோ, ‘எனக்கு என்ன பிரச்னை இருக்கப்போகுது? நீ போய்ட்டு வந்துடு’ என்பார்.

குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் தரப்பிலும் காரணம் இருக்கிறது. தாம்பத்யத்தில் குறை இல்லை என்பதால் விந்தணுவிலும் குறை இருக்காது என்று சொல்லிவிட முடியாது. செமன் அனாலிசிஸ் செய்தால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். இரண்டு முதல் ஏழு நாள்கள் இடைவெளிவிட்டு சாம்பிள் கொடுக்க வேண்டும், ஊசிகூட கிடையாது. பெண்ணுக்குக் கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் வலிமிகுந்த டெஸ்ட்டுக்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

விந்தணு உருவாகி முதிர்ச்சியடைய இரண்டரை மாதங்களுக்கு மேல் ஆகும். அதனால் இன்று சிகரெட்டை விட்டால், பலன் தெரிய மூன்று மாதமாகும். ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்காக டெஸ்டோஸ்டீரோன் ஊசி போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

வளைகாப்புக்குப் போவதா?

ஓரகத்தியின் வளைகாப்புக்கு அழைப்பு வந்தால் இரண்டு விதமாகவும் வலிக்கும். போனால், ‘அவளுக்கும் ரெண்டு வளையல் போட்டு விடுங்க, அடுத்தது அவதான்’ என்று நாலு பேர் முன்னால் உட்கார வைப்பார்கள். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். இதில் கணவர் கைகொடுக்கலாம். ‘ரெண்டு பேரும் வந்து பரிசு கொடுத்துட்டு சீக்கிரம் கிளம்பிடுறோம்மா’ என்று தன் அம்மாவிடம் அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், பாதி பாரம் இறங்கிவிடும்.

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் நெய்யும், மரத்தில் கட்டும் தொட்டிலும் பலருக்கு மனதைத் தேற்றுகின்றன. தேறட்டும். ஆனால், கோயிலுக்குப் போகும் வேண்டுதல், டாக்டரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடக் கூடாது.

எப்போது டாக்டரிடம்?

தடுப்பு முறை எதுவுமின்றி 12 மாதங்கள் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் பரிசோதனை தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண்ணுக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதமே போதும். பீரியட்ஸ் ஒழுங்காக வராதவர்கள், அந்த நாள்களில் தாங்க முடியாத வலி உள்ளவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள், வயது வந்த பிறகு பொன்னுக்குவீங்கி வந்த ஆண்கள் ஆகியோர் காத்திருக்கவே வேண்டாம்.

அந்த 12 மாதக் கணக்கு கல்யாணத் தேதியிலிருந்து தொடங்குவதில்லை. கணவர் துபாயில், மனைவி ஊரில் என்று வாழ்பவர்கள் சேர்ந்திருந்த மாதங்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்து போகும் கணவருக்காக, மூன்று வருடமாகப் ‘பிள்ளை இல்லாதவள்’ என்ற பேச்சைக் கேட்கும் பெண்களுக்கு உண்மையில் கிடைத்திருப்பது மூன்றே மாதங்கள்.

இது அரிதான பிரச்னையும் இல்லை. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உங்கள் ஆபீஸிலும் தெருவிலும் யாரோ ஒருவர் சத்தமில்லாமல் நாள் எண்ணிக்கொண்டிருக்கலாம்.

முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே போங்கள். ஃபைலில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். திரும்பும் வழியில் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசாமல், இருவருக்கும் பிடித்த கடையில் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.