உப்பைப் பறித்தவர் சூட்டிய பெயர்

திருச்சிராப்பள்ளிப் பேருந்து நிலையத்திலோ திருவரங்கத்துத் திருவிழாக் கூட்டத்திலோ ஒருவரது பணப்பை காணாமற் போனால், நம் கண்கள் முதலில் யாரைத் தேடுகின்றன? குறவர் எனப்படும் எளிய மக்களை அல்லவா? அந்தப் பார்வைக்குச் சட்டத்தின் முத்திரையை இட்டது வெள்ளையர் ஆட்சி. அவ்வாட்சி அகன்ற பின்னும் முத்திரையை அழியாமற் காப்பவர் நாம்.

குறவருள் ஒரு பெரும்பிரிவினர் வணிகர். கடற்கரை அளங்களிலிருந்து பொதிமாடுகளில் உப்பேற்றி, உள்நாட்டு ஊர்களில் தானியத்துக்கு மாற்றியவர்கள். சங்ககால உமணரை நினைவூட்டும் வாழ்வு அது. 1805-இல் சென்னை மாகாணத்து உப்பு, கும்பினியின் தனியுரிமையாயிற்று. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு இருப்புப்பாதை வந்தது. உப்பு மூட்டை பெட்டியிலேறியது, பொதிமாடு வழியில் நின்றது. 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டம் மேய்ச்சலையும் மூங்கிலையும் வேலியிட்டது. பிழைப்பனைத்தையும் பறித்தவர்களே பின்னர், “இவர்கள் எதைக்கொண்டு பிழைக்கிறார்கள்?” என்று ஐயுற்றார்கள்! 1871-இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை, பதிவேடு, காவலர் முன் ஆஜர், அனுமதிச் சீட்டு என நடந்து வாழ்ந்தவர்க்கு நடப்பதே குற்றமாயிற்று.

ஆஸ்திரேலியாவிலும் இதுவே கதை. 1788 முதல் அங்குக் குடியேறிய ஐரோப்பியர், பூர்வகுடிகளின் வேட்டை நிலத்தில் ஆடுகளை ஓட்டினர். தம் நிலத்தில் நின்ற ஆட்டைப் பசிக்கு வேட்டையாடியவன் ‘திருடன்’ ஆனான். எனினும் பெற்றோரிடமிருந்து பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிரித்த கொடுமைக்காக 2008-இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இங்கே?

இங்கே 1947-இல் மாகாணத்திலும் 1952-இல் நாடெங்கும் சட்டம் நீங்கியது. ஆனால் 1948-லேயே ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்னும் புதுப்பெயரில் ஒரு சட்டம் நுழைந்தது. பிறப்பை வைத்துக் கைதிகளைப் பிரிக்கும் சிறைவிதிகள் செல்லாவென்று உச்ச நீதிமன்றம் கூற 2024 வரை காத்திருக்க நேர்ந்தது.

“அவர்களில் திருடர் இல்லையா?” என்பர் சிலர். எக்குலத்தில் இல்லை? எடைக்கல்லில் ஏமாற்றும் வணிகனுக்காக அவன் குலம் முழுவதையும் நாம் பதிவேட்டில் ஏற்றியதுண்டா? வயலூரில் வள்ளியைக் குறமகளென்று போற்றும் தமிழகம், அவள் குலத்தாரைக் காவல் நிலையத்தில் தேடுவது எவ்வகை நீதி?

குற்றம் செய்தவன் கையில் இருக்கும். அவன் தொட்டிலில் இராது. இதை ஏற்கும் வரை, நாம் விடுதலை பெற்றோம் என்று சொல்லும் தகுதி நமக்கில்லை.