எலும்பும் ஓடும்

சகோதர இதழொன்றில் வந்த கட்டுரைக்குப் பரிசும் கிடைத்துவிட்டதால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை. பிலோமினா என்று ஒரு வேதசாட்சி இருந்ததே இல்லை, பகுத்தறிவு அதை அம்பலப்படுத்தியது, வத்திக்கானும் பணிந்து 1961இல் அவளைக் கைவிட்டது, ஆகவே மைசூர்ப் பேராலயம் வெறும் பெயரின்மேல் எழுந்த கட்டடம் என்கிறது அது. பரிசளித்தவர்கள் இந்த நான்கில் ஒன்றையாவது சோதித்துப் பார்த்தார்களா?

1802 மே மாதம், ரோமின் சலாரியா சாலையிலுள்ள பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஒரு குழி கிடைத்தது. அதை மூடியிருந்தவை மூன்று சுட்ட ஓடுகள். ‘லூமெனா’, ‘பாக்ஸ் தே’, ‘கும் ஃபி’ என்பது அவற்றில் செந்நிறத்தில் தீட்டியிருந்த வரிசை. முதல் ஓட்டை எடுத்துக் கடைசியில் வைத்தால்தான் ‘அமைதி உன்னோடு, ஃபிலூமெனா’ என்று பொருள் வரும். எழுத்தோடு நங்கூரமும் அம்புகளும் இருந்தன. உள்ளே பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்ணின் எலும்புகளும் ஒரு கண்ணாடிக் குப்பியும். 1805இல் எலும்புகள் நேப்பிள்ஸ் பக்கத்து முஞ்ஞானோவுக்குப் போயின. கிரேக்க இளவரசி, டயோக்ளீஷியனை மறுத்தவள் என்ற கதை நேப்பிள்ஸ் கன்னியாஸ்திரி ஒருவரின் காட்சிகளிலிருந்து 1830களில் வந்து ஒட்டிக்கொண்டது. கதையைத் தள்ளிவிடலாம், நஷ்டமில்லை. ஓடுகளைத் தள்ள முடியாது. வரிசை ஏன் மாறியது என்று கேட்டவர் தொல்லியலாளர் ஒராசியோ மாருக்கி. பழைய கல்லறையின் ஓடுகளை எடுத்துப் பிந்தைய கல்லறையை மூடினார்கள், ஆகவே பெயர் ஒருத்தியுடையது, எலும்பு இன்னொருத்தியுடையது என்பது 1904இல் அவர் சொன்ன முடிவு. இதை ‘இருந்ததே இல்லை’ என்று சுருக்குவது எந்தத் தர்க்கத்தில் சேர்த்தி? அவர் கணக்கில் ஒருத்திக்குப் பதில் இருவர் இருந்தார்கள்! மாருக்கி நாத்திகரும் அல்லர். தெ ரோஸ்ஸியின் மாணவர், கத்தோலிக்கர். அவரை மறுத்தெழுதிய பொனவெனியாவோ இயேசு சபைக் குரு. சண்டை முழுக்க ஒரே வீட்டுக்குள் நடந்தது. நம் பகுத்தறிவாளர் வாசலில் நின்று வெற்றிமாலை வாங்கிக்கொள்கிறார். 1961 ஆணையும் வழிபாட்டு நாள்காட்டியிலிருந்து திருநாளை எடுத்ததே தவிர, அவள் இருந்தாளா என்பதற்குத் தீர்ப்பு எழுதவில்லை.

மைசூரின் பிலோமினா பக்தி காலனிய இறக்குமதிதானே என்று அடுத்த கேள்வி வரும். 1926இல் போப்பின் பிரதிநிதி பீட்டர் பிசானியிடமிருந்து திருப்பண்டத்தைப் பெற்றவர் மைசூர் மன்னரின் செயலர் தம்பு செட்டி. 1933இல் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். கட்டட பாணி ஐரோப்பியம் என்பது உண்மை. அதற்காக, வேண்டிப் பெற்றதையும் திணிக்கப்பட்டதையும் ஒரே கணக்கில் எழுதுவது சோம்பேறித்தனம். நேர்ச்சையோடு நிலவறைப் படியிறங்குகிற பெண்ணுக்கு ஓடுகளின் வரிசை ஒரு பொருட்டா என்று கேட்டால், அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் கட்டுரையின் தொல்லியலும் அவளைத் தொடவில்லை என்பதைப் பரிசுக்குழு ஒப்புக்கொள்ளட்டும்.

திருச்செங்கோட்டிலிருந்து வரும் இதழுக்கு இதில் ஒரு பாத்தியதை உண்டு. கண்ணகி வானேறிய நெடுவேள் குன்றம் நம் மலைதான் என்றார் அடியார்க்கு நல்லார். இல்லை, குமுளிக்கு மேலே மங்கலதேவிதான் என்பவர்களோடு வழக்கு இன்னும் ஓயவில்லை. இடத்துக்குத்தான் இவ்வளவு வழக்கு; உடலைப் பற்றி யாரும் கேட்டதில்லை. உடலோடு போனவளுக்கு எலும்பு ஏது? அதனால்தான் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைத் தேடிப் போனான், கங்கையில் நீராட்டினான். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்று தொல்காப்பியம் வகுத்த முறையில் பிணத்துக்கு வேலையே இல்லை. இளங்கோ அந்த வறண்ட இலக்கணத்தை நான்கு காதைகளாக விரித்ததை எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. ஆனால் அந்த வழிபாட்டை எந்த அகழாய்வும் பொய்யாக்க முடியாது. அது பாதுகாப்பான வழிபாடு. பிலோமினா பக்தி எலும்பை மேசைமேல் வைத்தது, ஓட்டைப் படிக்கக் கொடுத்தது, தன் ஆட்களாலேயே அடிவாங்கியது. சான்றுக்கு இவ்வளவு தூரம் தலைகொடுத்த நம்பிக்கையை மூடத்தனம் என்று எழுத ஒருவர் சான்றைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. பரிசு கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. முற்போக்கு என்ற முத்திரை போதுமானதாக இருந்தது. நாற்பது வருஷமாக நம் விமர்சனம் பிழைப்பதும் இப்படித்தான்: நூலைப் படிக்காமல் எழுதியவரின் சாதியைப் படிப்பது, ஆதாரத்தைக் கேட்காமல் அணியைக் கேட்பது. அடுத்த பரிசுக்கு முன்பாவது குழுவினர் மாருக்கியைப் படிக்கட்டும். மறுப்பு அனுப்பினால் இதே பக்கத்தில், ஒரு எழுத்தையும் வெட்டாமல் வெளியிடுவோம்.