விலைப்பட்டியலில் கிடைத்த பெயர்

வம்சாவளி தேடுவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நம் வயதுக்காரர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெல்வீனியா ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதையைப் படித்தால் அவர்களும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஒபாமா அதிபராக இருந்தபோது, அவர் மனைவி மிஷேலின் முன்னோர்களை மேகன் ஸ்மோலன்யாக் என்ற ஆய்வாளர் தேடிக் கண்டுபிடித்தார். 2009-இல் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது. மிஷேலின் தாய்வழித் தாத்தாவுக்குத் தாத்தா டால்ஃபஸ் ஷீல்ட்ஸ். அவரைப் பெற்றவர்தான் மெல்வீனியா. அடிமையாகப் பிறந்தவர்.

1850, 1860 மக்கள்தொகைக் கணக்குகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. எஜமானர் பெயரை எழுதி, அதன் கீழே அடிமையின் வயது, பால், நிறம் மட்டும் குறித்தார்கள். விடுதலைக்குப் பின், 1870 கணக்கில்தான் அந்த மக்களுக்குப் பெயர் வந்தது. அதற்கு முந்திய தலைமுறையைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே முட்டி நின்றுவிடுகிறார்கள்.

மெல்வீனியாவின் பெயரைக் காட்டிக்கொடுத்தது ஓர் உயில். தென் கரோலினாவில் அவருடைய எஜமானர் 1850-இல் எழுதியது. ராட்டினம், அரிவாள், மேசைவிரிப்பு, மாடுகள் ஆகியவற்றோடு ஆறு வயதுச் சிறுமி மெல்வீனியாவும் வாரிசுகளுக்குப் பங்கு வைக்கப்பட்டாள். சிறிது காலத்தில் அவளுக்கு 475 டாலர் என்று விலையும் மதிப்பிட்டார்கள். எஜமானர் இறந்ததும் ஜார்ஜியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பதின்ம வயதிலேயே டால்ஃபஸுக்குத் தாயானாள். தகப்பன் ஒரு வெள்ளைக்காரர். பின்னாளில் நடந்த மரபணுச் சோதனை ஜார்ஜியா எஜமானரின் குடும்பத்தையே சுட்டியது.

மனிதர்களை எண்ணிய கணக்கு அவள் பெயரை விட்டுவிட்டது. பொருள்களை எண்ணிய உயில் எழுதி வைத்தது. கணக்கெடுக்க வந்தவர் சோம்பேறி என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. படிவத்திலேயே பெயருக்குக் கட்டம் இல்லை. ஆயுள் முழுவதும் படிவம் நிரப்பிய குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன்: எந்தக் கட்டம் வேண்டாம் என்று மேலே இருப்பவர் தீர்மானிக்கிறாரோ, அங்கேதான் அநியாயம் தொடங்குகிறது.

பழைய அவமானத்தை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவமானம் விலை போட்டவர்களுக்குத்தான், விலை போடப்பட்ட குழந்தைக்கு அல்ல. அவர் வாழ்ந்த ஜார்ஜியாவின் ரெக்ஸ் என்ற ஊரில் 2012-இல் அவருக்கு நினைவுக்கல் நாட்டினார்கள்.

மெல்வீனியா தொண்ணூறு வயதைத் தாண்டி 1938-இல் இறந்தார். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் கேட்ட இடத்தில், "தெரியாது" என்று உறவினர் எழுதினார். பேரன் பேத்திகள் கண்ணெதிரே வாழ்ந்த மூதாட்டி அவர். சொல்ல மனம் வரவில்லையோ, யாரும் கேட்கவில்லையோ, அந்தப் பெயர்கள் அவரோடு போய்விட்டன.

நம்மிடம் கேட்பதற்குப் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அவர்கள் கேட்காவிட்டாலும், பாட்டி பூட்டி பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுவோம்.