பாதயாத்திரையில் பின்தங்கி நடப்பவர்

தை மாதம் நெருங்கும்போது எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வி பலர் வாயிலிருந்தும் வரும்: "பழனிக்கு நடந்து போகலாமா?" ஆவணியில் அதே கேள்வி வேளாங்கண்ணியின் பெயரால் வரும். கேட்பவருக்குச் சர்க்கரை நோயோ, இரத்த அழுத்தமோ, இதய நோயோ இருக்கும். உடன் வந்த மனைவியோ மகளோ, மருத்துவர் "கூடாது" என்று சொல்லிவிட மாட்டாரா என்ற எதிர்பார்ப்போடு நிற்பார்.

அந்த ஒற்றைச் சொல்லில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. நேர்த்திக்கடன் உள்ளவர், மறுத்தால் சொல்லாமலே புறப்படுவார். மருந்துச் சீட்டும் வீட்டிலேயே தங்கிவிடும். ஆகவே காலில் ஆறாத புண் உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், சிறிது நடந்தாலே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ காண்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமே திட்டவட்டமாக வேண்டாம் என்கிறோம். மற்றவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருடன் நடக்கிறீர்கள்?

திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதைத் தனியாக எவரும் நடப்பதில்லை. ஊராரோடும் உறவினரோடும், ஒரு குருசாமியின் தலைமையில் நடக்கிறார்கள். குழுவின் வேகத்தைப் பெரும்பாலும் முன்னால் செல்லும் இளைஞர்களே தீர்மானிக்கிறார்கள். பின்தங்குபவர் வெட்கப்பட்டு, வலியை மறைத்து, தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல் விரட்டிப் பிடிக்க முயல்கிறார். இது மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும். கடைசியில் நடப்பவருக்குப் பின்னால் உடல் வலுவுள்ள ஒருவர் வரட்டும். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பது குருசாமிக்குத் தெரிந்திருக்கட்டும். நோயை மறைப்பதில் பக்தி எதுவும் கூடிவிடாது.

காலணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெறுங்காலில் நடப்பதே யாத்திரை என்று எண்ணுவோரின் உணர்வை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாத உணர்வு குன்றியவருக்குத் தார்ச்சாலையின் கொதிப்பும் தெரியாது, முள் தைத்ததும் தெரியாது. மற்றவரை நிறுத்தி வைக்கும் வலி அவரை நிறுத்துவதில்லை. கொப்புளம் உடைந்து, மண் புகுந்து, மூன்றாம் நாள் வீக்கமும் வாடையும் வந்த பிறகே கவனிக்கிறார். இத்தகையவர் எம்.சி.ஆர். செருப்போ, பழகிய மென்மையான காலணியோ இன்றி ஓரடியும் வைக்கக் கூடாது. கடைசிக் கிலோமீட்டருக்கும் இது பொருந்தும். யாத்திரைக்கென்று புதிதாக வாங்கிய செருப்பை அன்றே அணிவதும் ஆபத்துதான். ஒவ்வொரு மாலையும் டார்ச் வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் உடன் வருபவர் பார்க்க வேண்டும். நடப்பவரால் தம் உள்ளங்காலைச் சரிவரப் பார்க்க இயலாது. கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். வழியோர முகாம்களில் அன்போடு தரப்படும் வெந்நீரில் காலை வைக்குமுன், உணர்வுள்ள ஒருவர் தம் முழங்கையால் சூடு பார்க்கட்டும். வெந்நீரால் வெந்த பாதங்களுக்கும் நாங்கள் கட்டுப் போடுகிறோம்.

அடுத்தது விரதம். ஒருவேளை உணவோடு நடப்பவர், கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு; அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர். தாழ்சர்க்கரையின் அடையாளங்களான வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம், குழறும் பேச்சு ஆகியவை யாத்திரைக் கூட்டத்தில் களைப்பாகவோ, அருள் வந்ததாகவோகூடத் தோன்றக்கூடும். ஐயம் வந்தால் உடனே உட்காரவைத்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108-ஐ அழையுங்கள். அழைப்பவர் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொன்னால் வண்டி விரைவில் வந்து சேரும்.

முகாம்களில் தரும் வலிநிவாரணிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள், நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவரும், கேட்காமல் அவற்றை விழுங்கலாகாது. நடக்கையில் நெஞ்சில் அழுத்தம் தோன்றினால் வாயு என்று தள்ளிவிட்டுத் தொடர்வதைப் போன்ற பெருந்தவறு வேறில்லை.

பகலில் தார் சுடுகிறது, இரவில் லாரி அச்சுறுத்துகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நிலையில், வெயிலைத் தவிர்க்க இரவு முழுவதும் நடப்பதே வழக்கமாகிவிட்டது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. விடிந்ததும் தொடங்கி ஒன்பதரை மணி வரையும், மாலை நான்கு மணி முதல் இருட்டும் வரையும் நடந்தால் ஒரு நாள் கூடுதலாகும், ஆகட்டுமே. இரவில் நடந்தே தீர வேண்டுமெனில், நடைபாதை இருக்குமிடத்தில் அதிலேயே செல்லுங்கள். இல்லாத இடத்தில் எதிரே வரும் வாகனத்தைக் காணும்படி சாலையின் வலப்புற ஓரமாக ஒருவர்பின் ஒருவராக நடங்கள். பச்சை வேட்டியும் காவிச் சேலையும் இருளில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. முதுகுப் பையில் ஒளிரும் பட்டையை ஒட்டுங்கள். முன்னால் நடப்பவரும் பின்னால் நடப்பவரும் விளக்கேந்துங்கள். ஓய்வுக்குச் சாலையோரத்தில் படுத்துறங்க வேண்டாம். வாகனமும் ஆபத்து, இரவில் ஊரும் கட்டுவிரியனும் ஆபத்து.

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பாவது எங்களிடம் வாருங்கள். நைலான் இழையால் பாத உணர்வைச் சோதித்து, மருந்தளவைப் பார்த்து, யாத்திரை நாள்களுக்கெனத் தனிச் சீட்டு எழுதித் தருகிறோம். இயன்றால் உங்கள் குருசாமியையும் அழைத்து வாருங்கள். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, அந்தச் சீட்டின் ஒரு படியை அவர் கையிலும் கொடுத்தனுப்புவோம்.