வலீமா முடிந்த மறுநாள் காலை

சுப்ஹு முடிந்து மக்தப் வகுப்பு தொடங்கியிருந்தது. பிள்ளைகள் யாசீன் சூராவை ஓதிக்கொண்டிருந்தார்கள். சன்னல் வழியே கரும்புகை உள்ளே புகுந்தது. முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் இருமத் தொடங்கவே, ஓதலை நிறுத்திச் சன்னலைச் சாத்த வேண்டியதாயிற்று. முதல் நாள் இரவு பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தில் ஒரு வலீமா. தெர்மாகோல் தட்டுகள், பிளாஸ்டிக் டம்ளர்கள், மேசையில் விரித்த ரோல், பாதிச் சோற்றோடு முடிச்சுப் போட்ட பைகள் என்று மிஞ்சிய அனைத்தையும் மண்டபத்தின் பின்புறம் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். சுன்னத் என்று சொல்லி நடத்திய விருந்தின் புகை, அல்லாஹ்வின் வேதத்தை ஓதும் பிள்ளைகளின் தொண்டையில் இறங்கியது.

இதைப் பேசினால், "ஹஜ்ரத்துக்கு வேறு பேச்சே இல்லையா? வட்டியைப் பற்றிப் பேசட்டும், வரதட்சணையைப் பற்றிப் பேசட்டும். தட்டையும் டம்ளரையுமா பேசுவது?" என்று சிலர் கேட்பார்கள். வட்டியைப் பற்றியும் வரதட்சணையைப் பற்றியும் பல ஜும்ஆக்களில் பேசியிருக்கிறோம், இன்னும் பேசுவோம். ஆனால் பாதையில் கிடக்கும் இடையூறு தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருக்க, அந்த இடையூறைக் கூடை கூடையாகப் பாதையில் கொண்டுபோய்க் கொட்டும் சமுதாயத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க எந்த ஆலிமுக்கு அனுமதி இருக்கிறது?

ஒரு விருந்தாளிக்குச் செலவாகும் பொருள்களை எண்ணிப் பாருங்கள். சோற்றுக்கு ஒரு தட்டு, தால்ச்சாவுக்கு ஒரு கிண்ணம், இனிப்புக்கு ஒரு கிண்ணம், அதை எடுத்துண்ண ஒரு கரண்டி, குடிக்க ஒரு சிறிய தண்ணீர்ப் பாட்டில், இறுதியில் தேநீருக்கு ஒரு காகிதக் குவளை. ஆறு பொருள்கள். ஆயிரம் பேருக்கு அழைப்பு வைத்த வலீமாவில் ஆறாயிரம். அரை மணி நேரப் பயன்பாட்டுக்காக வாங்கப்பட்ட இந்த ஆறாயிரமும், நாம் கபுறுக்குப் போய், நம் பேரப்பிள்ளைகளும் போன பின்னரும் இந்த மண்ணில் கிடக்கும். தெர்மாகோல் மட்காது, சிறு சிறு உருண்டைகளாக உதிர்ந்து வாய்க்காலில் மிதக்கும்.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது நபி (ஸல்) அவர்கள் அளித்த வலீமாவை நாம் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்துகிறோம். ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்புகளை விரித்து, அவற்றில் பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யும் வைத்தார்கள். விருந்து முடிந்ததும் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு பயணம் தொடர்ந்தது. அவ்விடத்தில் ஈச்சங்கொட்டைகளைத் தவிர வேறு என்ன எஞ்சியிருக்கும்?

பாத்திரத்தை அவர்கள் எப்படி மதித்தார்கள் என்பதற்கு புகாரி கிரந்தத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நபியவர்களின் கிண்ணம் ஒன்று விரிசல் கண்டபோது அதை எறியவில்லை; விரிசலில் வெள்ளியிட்டு இணைத்து வைத்துக்கொண்டார்கள். மற்றொரு முறை, அன்னையருள் ஒருவரின் வீட்டிலிருந்து வந்த உணவுத் தட்டு இன்னோர் அன்னையின் வீட்டில் தட்டிவிடப்பட்டு உடைந்தது. நபியவர்கள் தாமே துண்டுகளைப் பொறுக்கினார்கள். சிந்திய உணவையும் திரட்டினார்கள். உடையாத தட்டு ஒன்றை உரியவருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் ஈடு செய்ய வேண்டும் என்ற சட்டத்துக்கு ஃபிக்ஹு அறிஞர்கள் இச்செய்தியை ஆதாரமாக எடுத்தார்கள். ஒரு தட்டு திரும்பிப் போக வேண்டிய பொருள் என்பது அந்த வீட்டின் வழக்கம். திரும்பிப் போக இடமே இல்லாத தட்டில் உண்பது நமது வழக்கமாகிவிட்டது.

இத்தனைக்கும் இந்த நாட்டில் பாத்திரப் பண்பாட்டை நன்கு பேணிய சமுதாயங்களில் நம்முடையதும் ஒன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் சஹன் இல்லாமல் விருந்து ஏது? ஒரு சஹனைச் சுற்றிச் சிலர் அமர்வார்கள். செல்வந்தரின் கையும் கூலியாளின் கையும் ஒரே நெய்ச்சோற்றில் படும். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியை நம் முன்னோர் கிதாபைத் திறந்து படித்தார்களோ இல்லையோ, சஹனில் வாழ்ந்து காட்டினார்கள். விருந்து முடிந்ததும் சஹன்களைத் துலக்கி, எண்ணி, பள்ளிவாசல் அறையில் அடுக்குவார்கள். ஒன்று குறைந்தாலும் மோதினார் வீடு வீடாக விசாரிப்பார்.

அந்த அறை எங்கள் பள்ளியில் இன்னும் இருக்கிறது. தேக்சாக்களைப் பண்டாரிகள் எடுத்துப் போகிறார்கள். சஹன்கள் மட்டும் தூசி படிந்து கிடக்கின்றன.

ஏன் என்று கேட்டால் முதலில் வரும் பதில் சுத்தம். ஒருவர் உண்ட தட்டில் மற்றவர் உண்பதா, கொரோனா காலத்தில் பட்டது போதாதா என்கிறார்கள். சேர்ந்து உண்ண மனம் ஒப்பாதவரை நாம் வற்புறுத்தவில்லை. அவருக்குத் தனியாக ஓர் எவர்சில்வர் தட்டு போதும். வெந்நீரிலும் சோப்பிலும் துலக்கிய எவர்சில்வரை அசுத்தம் என்று சொல்லிவிட்டு, எங்கு அடுக்கினார்கள், எதன் மீது வைத்தார்கள் என்று தெரியாத தெர்மாகோல் தட்டைச் சுத்தம் என்பது என்ன நியாயம்? அந்தத் தட்டைக் கழுவிவிட்டா பரிமாறுகிறார்கள்? தேநீர்க் குவளையின் கதை இன்னும் மோசம். காகிதக் குவளை என்பது பெயரளவில்தான் காகிதம். உட்புறம் முழுவதும் பிளாஸ்டிக் பூச்சு. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் சொன்ன செய்தி இது: அத்தகைய குவளையில் 100 மில்லிலிட்டர் சூடான நீரை 15 நிமிடம் வைத்தால், ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்துவிடுகின்றன. அதைத்தான் பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடிக்கிறோம்.

இரண்டாவது பதில், துலக்க ஆள் இல்லை என்பது. ஆள் இல்லையா, ஆளுக்குக் கூலி கொடுக்க மனம் இல்லையா? முன்பு ஒவ்வொரு விருந்திலும் மஹல்லாவின் ஏழைப் பெண்கள் சிலர் பாத்திரம் துலக்க வருவார்கள். கூலியும் கிடைக்கும்; வீட்டுக்கு ஒரு சட்டிச் சோறும் கிடைக்கும். அவர்களில் விதவைகளும் இருந்தார்கள். அவர்களின் மடிக்குப் போன பணம் இன்று ஏதோ ஓர் ஊரின் தொழிற்சாலைக்குப் போகிறது. அதே விதவைகளின் பெயரைப் பட்டியலில் எழுதி ரமளானில் ஜகாத் வசூலிக்கிறோம்.

ரமளான் என்றதும் நோன்புக் கஞ்சியைச் சொல்லாமல் முடியாது. அஸருக்குப் பின் பிள்ளைகள் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வாசலில் வரிசையில் நிற்பதுதான் நாம் பார்த்து வளர்ந்த ரமளான். வாளியின் மூடி தட்டும் ஓசையிலேயே கஞ்சி இறங்கிவிட்டது என்று தெரிந்துவிடும். இன்று பல இடங்களில், அடுப்பிலிருந்து இறக்கிய சூடு தணியுமுன்னரே கஞ்சியை மெல்லிய பாலித்தீன் பையில் ஊற்றி, முடிச்சிட்டு, தட்டிகளில் அடுக்கி வைக்கிறார்கள். கைக்குச் சூடு தாங்காத பையை வயிற்றுக்குத் தாங்கும் என்று எண்ணுகிறோம். கஞ்சிக்கான பச்சரிசியை அரசு பள்ளிவாசல்களுக்கு வழங்குகிறது. அதே அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பையில் அந்தக் கஞ்சியை ஊற்றுகிறோம். தூக்குவாளி கொண்டு வராதவருக்குக் கஞ்சி இல்லை என்று ஒரு நாள் அறிவித்துப் பாருங்கள். இரண்டாம் நாள் எல்லார் கையிலும் வாளி இருக்கும்.

தடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பைகள் மட்டுமல்ல, மேசை விரிப்பு, பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, காகிதக் குவளை, தண்ணீர்ப் பாக்கெட் ஆகியவையும் இருக்கின்றன. தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் கரண்டியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதும் விதிமீறல். மக்களின் நன்மைக்காக இயற்றப்பட்ட, மார்க்கத்துக்கு முரணில்லாத சட்டத்தை மதித்து நடப்பது ஒப்பந்தத்தைப் பேணுவதைப் போன்றது என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். பாடம் முடிந்து வெளியே வந்தால், எதிரில் இருப்பது இந்த மண்டபம்.

பேக்கிங் சாமான் கடை வைத்திருக்கும் ஜமாஅத்துச் சகோதரர் ஒருவரிடம் இது பற்றிப் பேசினோம். கோபப்படுவார் என்று எண்ணினோம். அவர் எங்களை உள்ளே அழைத்துச் சென்று மேல் தட்டைக் காட்டினார். பாக்கு மட்டைத் தட்டுகள், மந்தாரை இலை, பனையோலைப் பெட்டிகள் எல்லாம் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. "நீங்கள் சொல்வதற்கு முன்பே வாங்கி வைத்தேன் ஹஜ்ரத். எல்லாரும் விலையைக் கேட்கிறார்கள், வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்" என்றார். தடை செய்யப்பட்ட சரக்கையும் அவர் விற்கிறார். அது தவறு என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னோம். நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரர் விற்பார் என்பது அல்லாஹ்வின் முன்னிலையில் செல்லுபடியாகும் பதில் அல்ல. ஆனாலும் அன்று பெரிய குற்றவாளியாக நமக்குத் தெரிந்தவர் அவர் அல்லர். மண்டப அலங்காரத்துக்கும் வீடியோவுக்கும் கணக்குப் பார்க்காமல் அள்ளிக் கொடுத்துவிட்டு, தட்டில் மட்டும் சில ரூபாய் மிச்சம் பிடிக்கும் மாப்பிள்ளை வீட்டார்தாம்.

பிரியாணிக் கடை நடத்தும் சகோதரர்களுக்கும் இதில் பங்குண்டு. பாத்திரம் கொண்டு வந்தால் அளவு தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். படி வைத்து அரிசி அளந்த சமுதாயத்துக்கு ஓர் அகப்பையால் பிரியாணி அளக்கத் தெரியாதா? பாத்திரத்தோடு வருபவருக்கு ஒரு முட்டையைக் கூடுதலாக வையுங்கள், எத்தனை பேர் வருகிறார்கள் பார்ப்போம். வாளி பிரியாணி வாங்கினால் வாளி வீட்டுக்கு உதவுமே என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. நம் ஊர்க் குளியலறைகளில் இடம் தீர்ந்து வெகு நாளாகிவிட்டது.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளில் கண்டதையும் எழுதியாக வேண்டும். குர்பானிக்கு வாங்கிய ஆடு பார்வைக்குக் குறை ஏதுமில்லாதது. கண், காது, கால், பல் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம். அறுத்து, குடலைச் சுத்தம் செய்தவர் இரைப்பையைப் பிளந்து காட்டினார். உள்ளே இரண்டு கை அளவுக்குப் பாலித்தீன், நெய் வாசம் மாறாத சோற்றுப் பைகளின் துண்டுகள், முறுக்கிப் பிழிந்த துணி போல இறுகிக் கிடந்தது. மண்டபத்துக்குப் பின்னால் மேய்ந்த ஆடு அது. யாரோ ஒருவரின் விருந்தில் வீணாகிய சோற்றுக்காகப் பையையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. குறையில்லாத பிராணியை அல்லாஹ்வுக்காகக் கொடுக்கிறோம் என்று சொல்லி, உயிரோடு இருந்த காலமெல்லாம் அதன் வயிற்றை நாமே குப்பைத் தொட்டியாக்கியிருந்தோம். அதை வளர்த்தவர் பக்கத்துத் தெருவில் வசிக்கும் மாற்று மதச் சகோதரர். அண்டை வீட்டார் எவருடைய தொல்லையிலிருந்து பாதுகாப்பாக இல்லையோ அவர் முஃமின் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை சத்தியமிட்டுச் சொன்னபோது, அண்டை வீட்டாரின் மதத்தைக் குறிப்பிடவில்லை.

மற்றவர்களை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது. சென்ற ஆண்டு எங்கள் மதரஸா ஆண்டு விழாவில், வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்ற கருத்துடைய பனீ இஸ்ராயீல் வசனத்தை ஒரு மாணவி அழகாக ஓதி, விளக்கமும் சொன்னாள். அவள் பேசி முடித்ததும் வந்திருந்த அனைவருக்கும் தெர்மாகோல் தட்டில் கேசரியும், பிளாஸ்டிக் டம்ளரில் ரோஸ்மில்க்கும் கொடுத்தோம். வாங்கி வந்தவர்கள் நாம்தான். எந்தப் பெற்றோரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மாணவி மட்டும் கையில் தட்டை வைத்துக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு எழுத்தில் கொடுத்திருக்கும் கோரிக்கை மிக எளியது. நிகாஹ்வைத் தடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் மண்டபம் ஜமாஅத்தின் சொத்து. ஒரு முறை உண்டு எறியும் பிளாஸ்டிக், தெர்மாகோல் சாமான்கள் மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று வாடகைச் சீட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். அறையில் இருக்கும் சஹன்களோடு இன்னும் சில நூறு எவர்சில்வர் தட்டுகளும் டம்ளர்களும் வாங்க வேண்டும். அதற்கு வக்ஃபாகத் தட்டு கொடுக்க இரண்டு குடும்பங்கள் முன்வந்துள்ளன. துலக்கும் பெண்களின் கூலியை வாடகையோடு சேர்த்தே வாங்கிவிடலாம். வாழையிலை போடுகிறவர்கள் தாராளமாகப் போடட்டும். அதை மாடு தின்னும். அட்டையில் 'மக்கும்' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பைகளை மட்டும் நம்ப வேண்டாம். அவற்றில் பல, அதற்கென்று அமைத்த உரக்கூடத்தின் வெப்பத்தில்தான் மட்கும். நம் ஊர் வாய்க்காலில் மட்காது.

நிர்வாகிகள் வரும் ஜும்ஆவுக்குப் பின் கூடிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன முடிவெடுப்பார்களோ, அல்லாஹ் அறிவான். மதரஸாவைப் பொறுத்தவரை முடிவாகிவிட்டது. இவ்வாண்டு விழாவுக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கொண்டு வர வேண்டும். அடியில் பெயர் எழுதி அனுப்புங்கள். சென்ற முறை செருப்பு மாறிப்போனது போல் தட்டும் மாறிப்போக வேண்டாம்.