ஓராண்டு கேட்கிறார்கள்!

தம்பி! பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுப் படூர் பேருந்து நிறுத்தத்திலே நிற்கும் இளைஞனைப் பார்த்திருக்கிறாயா? ஒருபுறம் சிறுசேரியின் வானளாவும் கணினி மாளிகைகள். மறுபுறம் கேளம்பாக்கத்து உப்பளங்கள். எது அவனை அழைக்கும்? கல்லூரி வாயில் அவன் ஊரிலேயே இருக்கிறது. அதனைக் கடக்கும் வலுத்தான் வீட்டில் இல்லை.

அவனிடம் சிலர் கூறுகின்றனர்: "கல்லூரி இருக்கட்டும், ஓராண்டு நாட்டுக்கு உழைத்துவிட்டு வா!"

புதுக்குரலா இது? அல்ல, தம்பி. 1959-ஆம் ஆண்டிலேயே, முன்னாள் நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, உயர்நிலைப் பள்ளி முடித்துக் கல்லூரி புகுவோர் அனைவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயத் தேசியத் தொண்டாற்ற வேண்டும் என்றது. ஏன் அது ஏட்டிலே உறங்கிற்று? செலவு பெரிது, செயற்படுத்தல் அரிது என்றனர்! கருவூலம் படைத்த அரசுக்கே கட்டுப்படியாகாத ஓராண்டு, கஞ்சிக்குக் கணக்குப் பார்க்கும் குடிசைக்குக் கட்டுப்படியாகுமா?

பின்னர், 1969 செப்டம்பர் 24-இல், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரம்; படிப்பைத் துண்டிக்காத தொண்டு. நன்று!

தொண்டை நான் இகழ்வதாக எண்ணாதே. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியபோதும், 2015-இல் பெருவெள்ளம் சூழ்ந்தபோதும், எந்தச் சட்டம் இளைஞரைத் தண்ணீரில் இறங்கச் சொல்லிற்று? உள்ளம் சொல்லிற்று, இறங்கினர்.

கல்லூரிப் படிக்கட்டு ஏறிப் பாதியிலே இறங்கியவன் நான். ஆகவே அறிவேன்: வறியவன் ஏட்டை மூடினால், ஓராண்டு ஓராண்டாகவே நிற்பதில்லை. கடன் வரும், கூலிவேலை வரும், தங்கையின் திருமணம் வரும், கல்லூரி மட்டும் திரும்பி வராது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கோ அது இளைப்பாறல். நற்சான்றிதழிலே மேலும் ஒரு வரி!

ஓராண்டு வேண்டுமா? விரும்பி வருவோரை அழைக்கட்டும். மேற்கு ஜெர்மனி 1964-இலேயே தன்னார்வச் சமூக ஆண்டுக்குச் சட்டம் இயற்றிற்று. தொண்டு புரிவோருக்குக் கைச்செலவுப் பணமும் காப்பீடும் உண்டு. இங்கே அதனினும் மேலாக, குறைந்தபட்சக் கூலி கொடுக்கட்டும். கல்லூரியில் இடத்தை எழுத்திலே உறுதி செய்யட்டும். அவனவன் ஊர் ஏரியை, அவனவன் ஊர் மருத்துவமனையைத் தொண்டுக்களமாக்கட்டும். வியர்வையைக் கேட்பவர் விலையையும் சொல்லட்டும்!

அதுவரை, படூர் நிறுத்தத்திலே நிற்பவனிடம் நாடு கேட்கவேண்டிய முதற் கேள்வி, "எனக்கு என்ன தருவாய்?" என்பதல்ல, தம்பி, "உனக்கு எது தடை?" என்பதே!