இணையத்தில் இலவசம், லயத்தில் செலவு

“எல்லாம் போனிலேயே இருக்கிறது. பிள்ளை பார்த்துப் படிக்க வேண்டியதுதானே?” இந்தப் பேச்சை இப்போது பாடசாலைக் கூட்டத்திலும் கேட்கிறோம், அரசியல் மேடையிலும் கேட்கிறோம். பிள்ளை படிக்கவில்லை என்றால் குற்றம் பிள்ளையுடையது, இல்லாவிட்டால் கொழுந்து மலையிலிருந்து களைத்து வரும் தாயுடையது என்பது போல அந்தப் பேச்சு முடிகிறது.

அதில் பாதி உண்மை இருக்கிறது. பாடநூல்கள், ஆசிரியர் வழிகாட்டிகள், விஞ்ஞானப் பரிசோதனைகள், கணிதப் பயிற்சிகள் என்று காசு கேட்காத நல்ல சாதனங்கள் இணையத்தில் நிறைய வந்துவிட்டன. அவற்றைச் சரியாகப் பயன்படுத்தினால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, டயகம பக்கத்துப் பாடசாலைகளில் வகுப்பு நடக்கும் விதமே மாறும். மறுபாதியை யாரும் சொல்வதில்லை. சாதனம் இலவசம், அதைத் திறக்கத் தேவையான போன், டேட்டா, சிக்னல், மின்சாரம் எதுவும் இலவசமில்லை. அந்தச் செலவு லயத்துக் குடும்பத்தின் தலையில் விழுகிறது. இரண்டு பாதியையும் சேர்த்தே இங்கே பேசுகிறோம்.

இலவசம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே விடப்பட்டன. தோட்ட நிர்வாகம் பெயருக்கு நடத்திய ஒற்றை அறைப் பள்ளியில் சில வகுப்புகள் படித்துவிட்டு நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் கூடையைத் தூக்கினார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இலவசம் என்று சட்டத்தில் எழுதியது மலைக்கு வந்து சேர ஏறக்குறைய 30 வருடம் எடுத்தது. இணையக் கல்வியிலும் அதே கதை நடக்க விடக்கூடாது.

2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது என்ன நடந்தது என்பதை எந்தக் குடும்பமும் மறந்திருக்காது. பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன, வகுப்புகள் சூமில் நடந்தன. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன். அந்த ஒரு போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை பாடம் இல்லை. சிக்னல் கிடைக்காத தோட்டங்களில் பிள்ளைகள் மேட்டுக்கும் ரோட்டுக்கும் ஏறி, மழையிலும் குளிரிலும் நின்று படித்தார்கள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 30,000 ரூபாய்க்கு ஒரு போன் என்றால், சாப்பாட்டுக்கு ஒரு சதம் எடுக்காமல் 30 நாள் முழுப் பேர் போட வேண்டும். அந்தக் காலத்தில் படிப்பை விட்ட பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வரவில்லை. சிலர் இன்று கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள்.

பிறகு 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. மறுபடியும் பாடசாலைகளை மூடினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலில் மலைச்சரிவுகள் இடிந்து, பாதைகள் அறுந்து, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் கிடந்தோம். இணைப்பு இருந்தால் மட்டுமே நடக்கும் படிப்பு, நமக்கு மிகவும் தேவைப்படும் நாளில் கையை விட்டுவிடும் என்பதை இந்த ஆண்டுகள் காட்டிவிட்டன.

ஆகவே நம் பாடசாலைகளுக்குச் சாதனம் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் போதும். தமிழில் இருக்கிறதா? ஒரு தடவை இறக்கி வைத்தால் டேட்டா இல்லாமல் ஓடுமா? நம் பாடத்திட்டத்துக்குப் பொருந்துமா?

முதலில் நம் நாட்டுச் சாதனங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரம் 1 முதல் 13 வரையான பாடங்கள் மூன்று மொழிகளிலும் இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் அரசாங்கப் பாடநூல்களைத் தமிழிலேயே முழுமையாக இறக்கிக்கொள்ளலாம். மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகள் கிடைக்கின்றன. மழையில் நனைந்து கிழிந்த புத்தகத்துக்குப் பதில் இன்னொன்று கிடைக்கவில்லையே என்று தவிக்கும் தாய்மார்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரு பாடநூலை ஒருவர் இறக்கினால், மெமரி கார்ட் மூலம் லயம் முழுவதற்கும் கொடுக்கலாம்.

விஞ்ஞானத்துக்கு ஃபெட் என்ற சாதனம் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பற்றரி, பல்ப், ஆளி எல்லாம் திரையில் கிடக்கும். பிள்ளை தானே கம்பியை இணைத்தால் பல்ப் எரியும், தப்பாக இணைத்தால் எரியாது. இதில் பல பரிசோதனைகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே ஓடும். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில், புத்தகத்தில் படத்தை மட்டும் பார்த்துப் பாடமாக்கிய பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா. 2001 இல் ஒஸ்திரியாவில் உருவானது. நேர்கோட்டு வரைபில் படித்திறனை மாற்றினால் கோடு எப்படிச் சரிகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கலாம். சாதாரண தரக் கணிதத்தில் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களில் வரைபும் கேத்திர கணிதமும் முக்கியமானவை. ஒரு லெப்டொப்பும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் வகுப்பு முழுவதற்கும் காட்டிவிடலாம்.

மூன்றாவது, கொலிப்ரி. இணையம் கிடைக்காத பாடசாலைகளுக்கென்றே ஓர் இலாப நோக்கற்ற அமைப்பு செய்த சாதனம் இது. வகுப்பில் ஒரு கணினியில் பாடங்களையும் பயிற்சிகளையும் காணொளிகளையும் ஏற்றி வைத்தால், சிறிய ரவுட்டர் ஒன்றின் மூலம் பிள்ளைகளின் போன்களும் டேப்களும் அந்தக் கணினியோடு இணைந்துகொள்ளும். வெளி இணையம் தேவையில்லை, ஒரு சதத்துக்கும் டேட்டா போகாது. ஆசிரியர் தன் சொந்தப் பாடக் குறிப்புகளையும் அதில் சேர்க்கலாம். இதே மாதிரி, 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை கிவிக்ஸ் என்ற செயலி மூலம் முழுமையாக இறக்கி, சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம். ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளத்தில் மலையக நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இருக்கின்றன. நம் சமூகத்தின் வரலாற்றைப் பாடசாலையில் பேச விரும்பும் ஆசிரியருக்கு அது பெரிய களஞ்சியம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் போனும் தொடர் இணைப்பும் கேட்கும் வினாவிடை விளையாட்டுகளும் இலவசம்தான். நகரப் பாடசாலைக்கு அவை சரி. நம் வகுப்பில் அவற்றைக் கொண்டுவந்தால் போன் உள்ள பிள்ளை முன்னாலும் இல்லாத பிள்ளை பின்னாலும் உட்கார நேரும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், படம் கேட்கும் செயலிகளிலும் கவனம் வேண்டும். வகுப்புக் குழுக்களில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அதிபரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. பெண்பிள்ளை உள்ள வீட்டில் கட்டாயம் கேட்க வேண்டும்.

இனி, முக்கியமான விஷயம். இந்தச் சாதனங்களில் எதுவும் ஆசிரியருக்குப் பதிலாக வராது. இதற்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். யூடியூபில் தமிழ்நாட்டு விஞ்ஞானப் பாடங்கள் ஏராளம். 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே கியூஆர் குறியீடு அச்சிட்டு, போனைக் காட்டினால் காணொளி வரும்படி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே ‘நிறை’ என்று சொல்வதை நம் பாடநூல் ‘திணிவு’ என்கிறது. நம் பாடநூலில் ‘நிறை’ என்றால் அவர்களுடைய ‘எடை’. அவர்கள் ‘முடுக்கம்’ என்பது நமக்கு ‘ஆர்முடுகல்’. தனியாகப் பார்த்துப் படித்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் ‘நிறை’ என்ற இடத்தில் திணிவை எழுதிவிட்டு வரும். பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார்.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்ற சிறு கிராமம். அங்குள்ள அரசுப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே, பிள்ளைகள் வீட்டில் பேசும் கன்னடத்தைத் தானே கற்று, பாடநூலை அவர்களின் தாய்மொழிக்கு மாற்றி, கியூஆர் குறியீடு மூலம் பாட்டையும் பாடத்தையும் சேர்த்தார். 2020 இல் 10 இலட்சம் டொலர் உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதில் பாதியை இறுதிச் சுற்றில் இருந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். அவர் பயன்படுத்திய குறியீட்டை யாரும் இலவசமாகச் செய்துகொள்ளலாம். அந்தப் பள்ளியை மாற்றியது, பிள்ளைகளின் மொழியைக் கற்று அங்கேயே நின்ற ஆசிரியர்தான்.

நம் பக்கத்தில் நிலைமை என்ன? கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரியர் பற்றாக்குறை பல வருடப் பிரச்சினை. 2015 இல் நம் இளைஞர்களையும் யுவதிகளையும் உதவி ஆசிரியர்களாக எடுத்து, மாதம் 6000 ரூபாய் கொடுப்பனவில் வகுப்புக்கு அனுப்பினார்கள். பஸ் காசுக்கே போதாத அந்தத் தொகையை உயர்த்தவும், நிரந்தர நியமனம் பெறவும் அவர்கள் போராட வேண்டியிருந்தது. வெற்றிடத்தை நிரப்பாமல் “இணையத்தில் பாருங்கள்” என்று சொல்வது, பிள்ளைக் காம்பராவுக்கு ஆள் போடாமல் பொம்மை வாங்கிக் கொடுப்பது போன்றது.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

ஒன்று: தோட்டப் பாடசாலைகளின் கணிதம், விஞ்ஞானம், ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரியர்களுக்கு இணையம் இல்லாமல் ஓடும் சாதனங்களில் பயிற்சி கொடுக்க வேண்டும்.

இரண்டு: 2020 இல் ஈ-தக்சலாவ தளத்தைப் பார்க்க டேட்டா கட்டணம் எடுக்காமல் விட தொலைபேசி நிறுவனங்கள் முன்வந்தன. செய்ய முடியும் என்பது அன்றே நிரூபணமானது. ஆபத்துக் காலத்துச் சலுகையாக இல்லாமல், பாடநூல் தளங்களையும் சேர்த்து இதை நிரந்தர உரிமையாக்க வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர், ஒரு ரவுட்டர், பழுதானால் திருத்தப் பணம். பூட்டிய அறையில் தூசி பிடித்துக் கிடக்கும் கணினி யாருக்கும் உதவாது.

நான்கு: சிக்னல் கிடைக்காத தோட்டங்களில் கோபுரம் அமைக்க இடம் கொடுப்பதிலும், தோட்ட மண்டபத்துக்கு மின்சாரமும் இணைப்பும் கொடுப்பதிலும் கம்பனிகள் பொறுப்பேற்க வேண்டும்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தால் போதாது. இன்றே நம் கையால் செய்யக்கூடியதும் இருக்கிறது. தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிமாரும் இந்த மாதம் அதிபரைச் சந்தித்து நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதுங்கள்: வேலை செய்யும் கணினி எத்தனை? எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? பாடசாலையில் சிக்னல் இருக்கிறதா? வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தத் தாளை மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் பேசும்போது கையில் கணக்கு இருந்தால் நம் பேச்சுக்குப் பலம் வரும்.

பெற்றோர் எல்லோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் உறுப்பினர்களே. கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கையெழுத்து வைத்துவிட்டு வராமல், இதைக் கேளுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வரும் அண்ணன்மார், அக்காமார் வரும்போது ஒரு பென் டிரைவில் பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் ஏற்றி வரட்டும். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள், சனி ஞாயிறில் தோட்ட மண்டபத்தில் ஒரு போனை வைத்துப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனையைக் காட்டலாம்.

எழுத்துத் தெரியாத தாய்க்கும் இதில் வேலை இருக்கிறது. இரவு சமைத்து முடித்த பிறகு, “இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குக் காட்டு” என்று பிள்ளையைக் கேளுங்கள். போனில் படித்ததா வீடியோ பார்த்ததா என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். தான் படித்ததை அம்மாவுக்கு விளக்கிச் சொல்லும் பிள்ளைக்கு அது மனதில் நிற்கும்.

நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதிய தாளை அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு முன் எதிர்பார்க்கிறோம்.